மாட்டுத் தொழுவமும் உள்ளகச் சூழலும்

தேவாரம் என்றவுடன் தமிழ் பயின்றோர்க்கு மூவர் பதிகங்களே நினைவுக்கு வரும். நாம் இங்கு சொல்லப்புகுவது அதுவன்று. தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அதே பெயரோடு ஒரு பேரூர் இருக்கிறது. நாய் இனத்தால் பெயர்பெற்ற கோம்பை அதற்கு அண்டை ஊர். மேற்கே சுவராய் நிற்கும் மலை, தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைக் கேரளப் பக்கமே இறக்கிவைத்துவிட்டு மேகத்தை மட்டும் இப்பக்கம் அனுப்பிவைக்கும். ஆகவே இங்கு வானத்தை நம்பியவர்களைவிட மாட்டை நம்பியவர்களே மிகுதி. மலையேறி மேயும் மலைமாடுகள், வயலில் கிடை போடும் மந்தைகள், வீட்டுக் கொட்டத்தில் நிற்கும் கறவைகள் என்று மாட்டைச் சுற்றியே பல குடும்பங்களின் வாழ்வு நடந்துவந்திருக்கிறது. கம்பத்தில் நந்தகோபாலன் கோயிலின் தம்பிரான் மாட்டுத் தொழுவுக்கு மாட்டுப்பொங்கலன்று கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

தமிழ் இலக்கியம் கற்பிக்கும் நாம் உயிரணுவியலைப் பற்றி எழுதுவானேன் என்று வாசகர்கள் வியக்கலாம். காரணம் ஒரு மாணவி. நம்மிடம் பயின்ற ஒருவரின் தங்கை. தேவாரத்தை ஒட்டிய சிற்றூர். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கி 2021-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின் பயனாய்க் கால்நடை மருத்துவப் படிப்பில் சேர்ந்தாள். முதலாண்டு விடுமுறையில் ஒரு தடித்த ஆங்கில நூலோடு வந்து நின்றாள்.

"தமிழையா, இந்தச் சொல்லுக்குத் தமிழ்ல என்னன்னு சொல்லுங்க. அர்த்தம் எழுதி வச்சிருக்கேன், மனப்பாடமும் பண்ணிட்டேன். ஆனா மனசுல ஒட்ட மாட்டேங்குது."

அவள் காட்டிய சொல் ஹோமியோஸ்டாசிஸ். அன்று நம்மால் உடனே விடை சொல்ல இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றைத் தொகுத்து இங்கே தருகிறோம்.

சிற்றறையும் உயிரும்

முதலில் 'செல்' என்னும் சொல். 1665-இல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக், தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது வரிசை வரிசையாய்ச் சிற்றறைகளைக் கண்டார். சிற்றறையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியே அவற்றுக்குப் பெயரிட்டார். அவர் கண்டவை உயிர் நீங்கிய வெற்றறைகள்தாம். சுவரைத்தான் கண்டார், குடியிருந்தவரைக் காணவில்லை. சில ஆண்டுகளில் ஒல்லாந்தின் லீவன்ஹூக் தம் கையால் தேய்த்த ஆடிகளைக்கொண்டு நீர்த்துளியில் நெளியும் உயிர்களைக் கண்டார். ஆயினும் செடி, விலங்கு ஆகிய அனைத்தும் இவ்வறைகளால் ஆனவையே என்று துணிந்து சொல்ல மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. 1838-இல் ஷ்லைடன் தாவரங்களைப் பற்றியும் 1839-இல் ஷ்வான் விலங்குகளைப் பற்றியும் அதைச் சொன்னார்கள். ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்றும் என்பதை ரெமாக் முன்னுரைக்க, ஃபிர்க்கோ 1850-களில் அதை நிலைநாட்டினார். நோய் என்பது உடல் முழுவதும் பரவிய ஏதோ ஒரு தீங்கன்று, உயிரணுக்களில் நேரும் மாற்றமே என்றார் அவர். மனித மருத்துவத்துக்கும் விலங்கு மருத்துவத்துக்கும் இடையே எல்லைக்கோடு இல்லை என்பதும் அவர் வலியுறுத்திய கருத்து.

தமிழகப் பாடநூல்கள் செல் என்றும் உயிரணு என்றும் எழுதுகின்றன. இலங்கைத் தமிழர் கலம் என்கின்றனர். மூன்றும் நல்ல சொற்களே. கலம் என்பது கொள்கலத்தை நினைவூட்டி ஹூக்கின் சிற்றறைக்கு அருகில் நிற்கிறது. உயிரணு என்பதோ அவர் காணத் தவறிய குடியிருப்பாளரையும் சேர்த்தே சொல்கிறது.

திராட்சைத் தோட்டத்துப் பிள்ளை

அடுத்து, அந்த மாணவியைத் தடுமாறச்செய்த சொல். அதன் கதை நம் பள்ளத்தாக்குக்குப் பழகிய ஒரு சூழலில் தொடங்குகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றதை வாசகர்கள் அறிவர். பிரான்சில் லியோன் நகருக்கு வடக்கே அத்தகைய திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, எளிய தோட்டக்குடியில் 1813-இல் பிறந்தவர் கிளாட் பெர்னார். பத்தொன்பது வயதில் லியோனை அடுத்த மருந்துக்கடை ஒன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அக்கடையிலிருந்து பக்கத்துக் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு மருந்துகள் போகும். அது சாதாரணப் பள்ளியன்று. ஐரோப்பிய மந்தைகளை வெக்கை நோய் வாரிக்கொண்டு போன காலத்தில், அதற்கு மாற்றுத் தேடும் நோக்கத்தோடு கிளாட் பூர்ஜெலா 1761-இல் ஏற்படுத்திய, உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளி அது.

இளைஞர் பெர்னாரின் ஆசை நாடகாசிரியர் ஆவது. எழுதிய நாடகத்தோடு பாரிசுக்குச் சென்று திறனாய்வாளர் ஒருவரிடம் காட்ட, பிழைப்புக்கு ஒரு தொழில் கற்றுக்கொள், மருத்துவம் படி என்று அவர் அறிவுரை சொல்லி அனுப்பிவிட்டார். இலக்கியம் ஒரு சுமாரான நாடகாசிரியரை இழந்தது. உடலியங்கியல் தன் தலைமகனைப் பெற்றது.

ஒருநாள் சந்தையிலிருந்து ஆய்வகத்துக்கு வந்த முயல்களின் சிறுநீர் தெளிவாகவும் அமிலத்தன்மையோடும் இருக்கக் கண்டார் பெர்னார். புல் தின்னும் விலங்கின் சிறுநீர் கலங்கலாகவும் காரத்தன்மையோடும் இருப்பதே இயல்பு. ஊன் உண்ணும் விலங்குக்கு உரியது முயலிடம் எப்படி வந்தது? முயல்கள் பட்டினி கிடந்திருக்க வேண்டும், வெளியிலிருந்து உணவு வராதபோது தம் தசையையே கரைத்து உண்டு உயிர் தாங்கியிருக்க வேண்டும் என்று அவர் கருதினார். புல் கொடுத்தார், சிறுநீர் கலங்கிற்று. மீண்டும் பட்டினி போட்டார், தெளிந்தது. குதிரையிலும் செய்து பார்த்தார், அதுவே நிகழ்ந்தது. அவருடைய ஆய்வுகளில் விலங்குகள் பட்ட துன்பம் சிறிதன்று. அவர் மனைவியே அதை எதிர்த்தார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இத்தகைய ஆய்வுகளின் முடிவில் அவர் கண்ட உண்மை, உள்ளகச் சூழல் என்பது. விலங்கு வாழ்வது வெயிலும் மழையுமான வெளியுலகில். ஆனால் அதன் உயிரணுக்கள் வாழ்வது அங்கன்று. அவற்றைச் சூழ்ந்து ஓடும் குருதியும் நிணநீரும் திசுநீரும் ஆகிய உள்ளுலகில். அவ்வுள்ளுலகின் வெப்பம், உப்பு, சர்க்கரை, உயிர்வளி ஆகியவை மாறாதிருக்கும் அளவுக்கு விலங்கு வெளியுலகின் பிடியிலிருந்து விடுதலை பெறுகிறது.

நம் ஊர் உவமை ஒன்று சொன்னால் விளங்கும். 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து இப்பக்கம் திரும்பிய பின்னர், கம்பம் பள்ளத்தாக்கின் வயல் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஆற்றைத் தேடிப் போகவில்லை. கால்வாய் வந்து மடையைத் தொடும். வேண்டிய நீரை வயல் வாங்கிக்கொள்ளும். மிஞ்சியது வடிகாலில் போகும். மேகம் எங்கே பெய்தது என்று நாற்றுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். உயிரணுவும் அவ்வாறே. கால்வாய் வற்றினாலோ அதில் உப்பு மிகுந்தாலோ வயல் பட்டுப்போகும். மடைக்காவலர் எத்தனை பேர், எங்கெங்கே நிற்கிறார்கள் என்பதைக் கற்பதுதான் உடலியங்கியல்.

யாழ்ப்பாணத்து வழி

பெர்னாரிடம் பாரிசில் பயின்ற அமெரிக்கர் ஜான் டால்ட்டன். அவர் எழுதிய உடலியங்கியல் பாடநூல் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் புகழ்பெற்றது. அந்நூல் தமிழுக்கும் வந்தது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றினார். 1864 முதல் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களை மாணவர் துணையோடு மொழிபெயர்த்தார். கலைச்சொற்களைத் தமிழிலும் வடமொழியிலும் தேடி உருவாக்கினார். உடலியங்கியலுக்குச் 'சுகரணம்' என்று பெயர் சூட்டினார். டால்ட்டனின் நூல் 'மனுஷ சுகரணம்' என்னும் பெயரில் 1880-களில் வெளியாயிற்று. 1884-இல் கிறீன் தாயகத்தில் மறைந்தார். லியோன் திராட்சைத் தோட்டத்தில் தொடங்கிய சிந்தனை மரபு பாரிசு, நியூயார்க்கு வழியாக மானிப்பாய்க்கு வந்து சேர அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அங்கிருந்து தேவாரத்து மாணவியின் கைக்கு வரத்தான் வழி அடைபட்டுப்போயிற்று.

சென்னையில் வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 அக்டோபர் முதல் நாள் டாபின் ஹால் என்னும் கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கியது. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, பட்டம் வழங்கும் கல்லூரி ஆயிற்று. 1989-இல் அதை முதலாகக்கொண்டு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் எழுந்தது. 2020-இல் தேனிக்கே ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது. கல்லூரி ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பாடம் இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. பன்னாட்டு ஆய்வுகளோடு உறவாட ஆங்கிலம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முதற்படியில் கால்வைப்பவளுக்குக் கைப்பிடி தாய்மொழியில் இருந்தால் என்ன என்பதே நம் வினா.

நிலையும் நிலைப்பும்

ஹோமியோஸ்டாசிஸ் என்னும் சொல்லை 1926-இல் ஆக்கியவர் அமெரிக்க உடலியங்கியலார் வால்ட்டர் கேனன். 1932-இல் வெளியான நூலின் மூலம் அதைப் பொதுவாசகரிடமும் கொண்டுசேர்த்தார். கிரேக்கத்தில் 'ஒன்றேயான' என்னும் பொருள்தரும் முன்னொட்டைத் தவிர்த்து, 'ஒத்த' என்னும் பொருள்தரும் முன்னொட்டை அவர் வேண்டுமென்றே தேர்ந்தார். உடலின் நிலை அசையாத ஒன்றன்று. ஒரு வரம்புக்குள் ஏறியும் இறங்கியும் ஏறத்தாழ ஒத்திருப்பது.

இங்குதான் நம் மொழியாக்கங்கள் சற்றே இடறுகின்றன. 'சமநிலை' என்றால் அசையாமல் நிற்கும் தராசுமுள் நினைவுக்கு வருகிறது. 'தன்னிலை காத்தல்' அதனினும் மேல். காத்தல் என்னும் வினை அதில் இருக்கிறது. இலங்கையர் 'ஒருசீர்த்திடநிலை' என்கின்றனர். கயிற்றின்மேல் நடக்கும் கழைக்கூத்தாடியைப் பாருங்கள். இப்புறமும் அப்புறமும் ஓயாது அசைவதனாலேயே அவன் விழாதிருக்கிறான். அசைவு நின்ற கணம் விழுவான்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் தொடக்கத்திலேயே மூன்றும் மிகினும் குறையினும் நோய் என்கிறாரே, மாட்டு வாகடச் சுவடிகளும் சூடு, சீதம் பேசுகின்றனவே, ஆகவே இதெல்லாம் நாம் அன்றே அறிந்ததுதானே என்று கேட்பவர் உண்டு. அளவு பிறழ்தலே நோய் என்னும் பார்வை நமக்குப் புதிதன்று என்பது மெய். ஆனால் குருதியில் சுண்ணாம்பு எவ்வளவு என்று அளந்து, எவ்வளவு குறைந்தால் மாடு படுக்கும் என்று காட்டுவது வேறு அறிவு. முன்னதைப் போற்றுவதற்காகப் பின்னதை அதற்குள் திணிக்க வேண்டியதில்லை.

இதை அந்த மாணவியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் குறுக்கிட்டாள். "ஐயா, எங்க வீட்டுச் சட்டைக்காரி கன்னு போட்ட மறுநாள் எந்திரிக்கவே இல்ல. கழுத்தை மடக்கிப் போட்டுப் படுத்துருச்சு, காதெல்லாம் ஜில்லுன்னு இருந்துச்சு. டாக்டர் வந்து நரம்புல மருந்து ஏத்தினாரு. கொஞ்ச நேரத்துல எந்திரிச்சு நின்னு சாணி போட்டுச்சு. அதுவா இது?"

அதுவேதான். பால் காய்ச்சல் என்று பெயர். ஆனால் காய்ச்சல் இராது, உடல் குளிர்ந்துதான் போகும். பசுவின் குருதிநீர் முழுவதிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 3 கிராம். ஈன்ற பசு கறக்கும் 10 லிட்டர் சீம்பாலிலோ அது 20 கிராமுக்கும் மேல். கையிருப்பைப்போல் ஏழெட்டு மடங்கு செலவு! எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் எடுத்து ஈடுசெய்யும்படி கழுத்திலுள்ள சிறு சுரப்பிகள் ஆணையிடும். எலும்பு திறந்துகொடுக்க ஓரிரு நாள் தாமதித்தால், தசை சுருங்குவதற்கு வேண்டிய சுண்ணாம்பின்றிப் பசு படுத்துவிடும். 1897-இல் டென்மார்க்கின் ஷ்மித் மடிக்குள் மருந்துக்கரைசல் செலுத்தினார். பின்னர் வெறுங்காற்றை நிரப்பினாலே பசு பிழைப்பது தெரிந்தது. மடி விம்மினால் பால் சுரப்பது தடைபடும். சுண்ணாம்பு வெளியேறுவதும் நிற்கும். காரணம் புரிந்த பின்னர்ச் சுண்ணாம்பு மருந்தையே சிரை வழியாக ஏற்றும் முறை வந்தது.

மாட்டுப்பொங்கலன்று அன்பு மிகுந்து வயிறு புடைக்கப் பொங்கல் ஊட்டிவிட்டு மறுநாள் மருத்துவரைத் தேடி ஓடுவதும் இவ்வகையே. பசுவின் முதல் இரைப்பை நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வைக்கோலைச் செரித்துத் தருகின்றன. அசைபோடும்போது ஊறும் உமிழ்நீர் நாளொன்றுக்கு நூறு லிட்டரையும் தாண்டும். அதிலுள்ள சோடா உப்பு அங்கே எழும் அமிலத்தை அடக்கிவைக்கும். திடுமெனச் சோறு குவிந்தால் நுண்ணுயிர்கள் அதை விரைந்து புளிக்கவைத்து அமிலத்தைப் பெருக்கும். புளித்த வயிறு அசைபோடாது. அசைபோடாத மாட்டுக்கு உமிழ்நீர் ஊறாது. உமிழ்நீர் இன்றேல் அமிலம் மேலும் பெருகும். காக்கும் சக்கரமே கொல்லும் சக்கரமாய்த் திரும்பிவிடுகிறது.

இவ்வளவையும் கேட்டபின் அவள் சொன்னது: "இதெல்லாம் எனக்குத் தெரியும்ங்கய்யா. இதுக்குப் பேருதான் அதுன்னு தெரியாம இருந்துச்சு."

வெக்கை

முடிக்குமுன் வெக்கை நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி நம் பாட்டியின் வீட்டுத் தொழுவில் ஆறு உருப்படிகள் நின்றனவாம். கண்ணில் நீர், வாயில் புண், பின் ஓயாத கழிச்சல். பத்து நாள்களில் முளைக்குச்சிகள் மட்டுமே மிஞ்சின. அவ்வாண்டு உழவில்லை. பாட்டி இதைச் சொல்லும்போதெல்லாம் மாடுகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் அடுத்த பேச்சுக்கு வருவார்.

உயிரணுவியலும் உள்ளகச் சூழலும் சந்திக்கும் இடம் அந்தத் தொழுவம். வெக்கைக்குரிய நச்சுயிரி தட்டம்மை நச்சுயிரியின் நெருங்கிய உறவு. நோய் எதிர்க்கும் வெள்ளணுக்களில் முதலில் புகும். பின்னர்க் குடலின் உட்புறத்தைப் போர்த்திய உயிரணுக்களைச் சிதைக்கும். போர்வை கிழிந்த குடல் நீரையும் உப்பையும் தடுத்துவைக்க மாட்டாது. கால்வாய் உடைந்து வற்றுகிறது, வயல்கள் பட்டுப்போகின்றன. முன் எதிர்ப்பாற்றல் இல்லாத மந்தையில் பத்தில் ஒன்று பிழைத்தால் பெரிது.

இந்நோயை எதிர்கொள்ளவே 1889-இல் புனேயில் தொடங்கிய ஆய்வகம் 1893-இல் இமயமலை முக்தேசுவரத்துக்குப் போயிற்று. 1920-களில் அங்கே எட்வர்ட்ஸ் நச்சுயிரியை ஆட்டின் உடலில் பழக்கித் தடுப்பு மருந்து கண்டார். சென்னை மாகாணத்துக்காக இராணிப்பேட்டையில் 1932-இல் மருந்து நிலையம் அமைந்தது. 1954-இல் நாடுதழுவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. இதற்கிடையே கென்யாவின் முகுகா ஆய்வகத்தில் வால்ட்டர் பிளவ்ரைட், கன்றின் சிறுநீரக உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து, அவற்றினூடே நச்சுயிரியைத் தலைமுறை தலைமுறையாய்ச் செலுத்தி, நோய் செய்யும் ஆற்றலை இழக்கவைத்தார். 1960-களின் தொடக்கத்தில் அம்மருந்து பயனுக்கு வந்தது. உடலுக்கு வெளியே உயிரணு வாழ வேண்டுமானால் உடலின் உள்ளகச் சூழலைக் கண்ணாடிக்குள் படைத்துத் தர வேண்டும்: அதே வெப்பம், அதே உப்பு, அதே சர்க்கரை. பெர்னாரின் கருத்து இவ்வாறு மருந்துக்குப்பியில் அடங்கிற்று.

இந்தியாவில் இந்நோயின் கடைசி நிகழ்வு 1995-இல், நம் தமிழ்நாட்டில். 2011-இல் வெக்கை உலகினின்றே ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப்பின் மனிதமுயற்சியால் ஒழிந்த நோய் இஃதொன்றே. ஊர் ஊராய் ஊசிப்பெட்டி சுமந்து நடந்த கால்நடை ஆய்வாளர்கள் பலரின் பெயர் எந்நூலிலும் இல்லை.

மாணவி விடைபெறும்போது, வெக்கை தெரியுமா என்று கேட்டோம். "தெரியுமேய்யா, சித்திரை மாசத்துல அடிக்கும்ல" என்றாள். அவளுக்கு அச்சொல் வெயிற்புழுக்கம் மட்டுமே. ஒரு சொல் தன் பொருளை இழந்தால் தமிழாசிரியர்கள் வருந்துவது வழக்கம். இந்த ஒரு பொருள் வழக்கொழிந்ததில் நமக்கு வருத்தமில்லை. பாட்டி இருந்திருந்தால் மாடுகளின் பெயர்களை இன்னொருமுறை சொல்லியிருப்பார்.

தத்தம் ஊர்ப்பக்கம் மாட்டு நோய்களுக்கு வழங்கும் பெயர்களை வாசகர்கள் தொகுத்து அனுப்பினால் மகிழ்வோம். அவளுக்கும், அவளுக்குப்பின் வருபவர்க்கும் பயன்படும்.